புயலின் அருகில் நிற்பதும் புயலைப் பதிவு செய்வதும்

உலக வானிலை அமைப்பு, வானிலைச் சீற்றங்களின் உச்ச அளவுகளைத் தொகுத்துப் பேணி வருகிறது. அத்தொகுப்பிலுள்ள இரண்டு பதிவுகள் இந்தியத் துணைக்கண்டத்தின் ஆய்வாளர்களைச் சிந்திக்க வைக்க வேண்டியவை. ஒரே டொர்னாடோவில் மிக அதிகமானோர் இறந்தது 1989 ஏப்ரல் 26 அன்று வங்காளதேசத்தின் மானிக்கஞ்ச் மாவட்டத்தில். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,300 பேர். ஒரே ஆலங்கட்டி மழையில் மிக அதிகமானோர் இறந்தது 1888 ஏப்ரல் 30 அன்று வட இந்தியாவின் மொராதாபாத் அருகில். இறந்தவர்கள் 246 பேர். ஆயினும் டொர்னாடோ என்றதும் உலகெங்கும் மாணவர் மனத்தில் எழும் காட்சி மானிக்கஞ்சினுடையது அன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலோ கான்சாஸிலோ, மஞ்சள் வயலுக்கு மேலே வானிலிருந்து தொங்கும் புனலின் படமே எழுகிறது. பாடநூல்களிலும் ஆவணப்படங்களிலும் இணையத்திலும் அதே படம்தான். அதிகம் இறந்தவர்கள் ஓரிடத்திலும் அதிகமாகப் படம் எடுக்கப்பட்டது வேறோர் இடத்திலும் இருக்கின்றன.

கொடும்புயல்களை அருகில் சென்று படமெடுப்போரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே தடத்தில் சுழல்கிறது. அவர்கள் துணிச்சல்காரர்களா, மூடர்களா என்பதே கேள்வியாக வைக்கப்படுகிறது. ஒவ்வொரு புதிய காணொளியும் வெளிவந்தவுடன் ஒரு சாரார் வியக்கின்றனர். மறு சாரார் கண்டிக்கின்றனர். இரு தரப்பும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு: எடுக்கப்பட்ட அந்தப் படம் பிறகு என்ன ஆகிறது? புயற்படம் அறிவாக மாறிய வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், அதன் பயனைத் தீர்மானித்தது கேமராவுக்கும் புயலுக்கும் இடையிலான தொலைவு அன்று என்பது விளங்கும். எங்கிருந்து, எப்போது, எத்திசை நோக்கி எடுக்கப்பட்டது என்ற குறிப்பும், அதே புயலை வேறு இடங்களிலிருந்து எடுத்த பிற படங்களோடு அது சேர்க்கப்பட்டதுமே அதற்குப் பயன் தந்தன. இந்தியாவில் இன்று இல்லாதிருப்பது அருகில் செல்லும் துணிவு அன்று. இத்தகைய பதிவு முறையே.

சொல் பற்றி ஒரு விளக்கம் முதலில் தேவைப்படுகிறது. தமிழ் நாளிதழ்களில் ‘சூறாவளி’ என்ற சொல் கடலில் உருவாகும் பெரும்புயலுக்கும், நிலத்தில் சில நிமிடங்கள் சுழன்று மறையும் டொர்னாடோவுக்கும், சில வேளைகளில் பலத்த காற்றுக்கும்கூட வழங்குகிறது. இம்மூன்றும் தோற்றத்திலும் அளவிலும் ஆயுளிலும் வேறானவை. கடற்புயல் பல நூறு கிலோமீட்டர் பரப்பில் பல நாள் நீடிப்பது. டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்துக்குள், சில நிமிடங்களில் முடிவது. ஒரே சொல்லால் மூன்றையும் குறிக்கும்போது, நிகழ்ந்தது எது என்பதே செய்தியிலிருந்து மறைந்துபோகிறது. ஆகவே இங்கு டொர்னாடோ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

புயலைப் படமெடுக்கும் வழக்கம் கேமராவுக்குச் சற்றே இளையது. 1884-ஆம் ஆண்டிலேயே கான்சாஸில் ஒரு டொர்னாடோ படமெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் தெற்கு டகோட்டாப் பகுதியில் எடுக்கப்பட்ட இன்னொரு புகழ்பெற்ற படத்தில் கைவேலை சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது பின்வந்தோர் பலரின் கருத்து. படமும் படத்தைத் திருத்தும் ஆசையும் ஏறக்குறைய ஒன்றாகவே பிறந்தன எனலாம். 1956 முதல் வடக்கு டகோட்டாவில் புயல்களைத் தேடிச் சென்ற டேவிட் ஹோட்லி, பொழுதுபோக்காகப் புயல் துரத்தியவர்களில் முன்னோடி. 1977-இல் அவர் தொடங்கிய ‘ஸ்டார்ம் டிராக்’ என்ற சிறு இதழ், அங்கங்கே தனித்திருந்த ஆர்வலர்களை ஒரு குழுவாக இணைத்தது. 1996-இல் வெளிவந்த ‘ட்விஸ்டர்’ திரைப்படத்துக்குப் பின் அது பெருங்கூட்டமாயிற்று. இன்று கட்டணம் செலுத்திப் புயல் காணச் செல்லும் சுற்றுலாக்களும், ஓடும் காரிலிருந்து நேரலை செய்யும் ஒளிபரப்பாளர்களும் அமெரிக்கச் சமவெளியின் வசந்தகாலத்தில் வழக்கமான காட்சிகள்.

இந்தக் கூட்டத்துக்கு முன்பே, புயற்படங்கள் அறிவியலுக்கு எவ்வளவு தரக்கூடும் என்பதை ஒரே ஆண்டின் இரண்டு நிகழ்வுகள் காட்டிவிட்டன. 1957 ஏப்ரல் 2 அன்று டெக்சாஸின் டாலஸ் நகரில் ஒரு டொர்னாடோ வீசியது. நகரத்தார் பலர் அதைத் திரைச்சுருளில் பதிவு செய்தனர். வால்டர் ஹோக்கர் என்ற ஆய்வாளர் அச்சுருள்களைச் சட்டம் சட்டமாக ஆராய்ந்தார். சுழலில் பறந்த பலகைகளும் தூசுத் துணுக்குகளும் ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்குள் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்து, காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார். எந்தக் கருவியும் தாங்கி நிற்க இயலாத இடத்தில் பலகைத் துண்டுகளே காற்றுமானிகள் ஆயின. கணக்கீட்டுக்குத் தேவைப்பட்டவை, படமெடுத்தவர் நின்ற இடமும், சட்டத்துக்குள் அளவு தெரிந்த கட்டடங்களுமே.

அதே ஆண்டு ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரை ஒரு டொர்னாடோ தாக்கியது. ஜப்பானில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய டெட்சுயா ஃபுஜிதா அந்நகருக்குச் சென்று, மக்கள் எடுத்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டினார். ஒவ்வொரு படமும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் எடுக்கப்பட்டது என்பதை உறுதி செய்து, அவற்றைக் கால வரிசையில் அடுக்கினார். புயலின் பிறப்பும் வளர்ச்சியும் அழிவும் ஒரே தொடராகக் கண்முன் வந்தன. டொர்னாடோ இறங்குவதற்கு முன் மேகத்தின் அடியில் தாழ்ந்து சுழலும் பகுதிக்கு அவர் ‘சுவர்மேகம்’ என்ற பொருள்படும் பெயரை இட்டார். இன்று அமெரிக்காவில் பயிற்சி பெறும் ஒவ்வொரு புயல் நோக்குநரும் முதலில் கற்கும் அடையாளங்களுள் அது ஒன்று. படமெடுத்தவர்கள் வல்லுநர்கள் அல்லர். தத்தம் வீட்டு முற்றத்தில் நின்றவர்கள். டொர்னாடோக்களின் வலிமையை வகைப்படுத்தும் அளவுகோலை 1971-இல் வகுத்துத் தந்த ஃபுஜிதா, தம் கண்ணால் முதன்முதலில் ஒரு டொர்னாடோவைக் கண்டது 1982-இல்தான்.

இதனால் அருகில் செல்வதே தேவையற்றது என்று முடிவு கட்டுவது நேர்மையாகாது. 1973 மே 24 அன்று ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டியில் நிகழ்ந்தது அதற்குச் சான்று. தேசியக் கடும்புயல் ஆய்வகத்தின் களக்குழு ஒன்று, அந்த டொர்னாடோவைத் தொடக்கம் முதல் முடிவு வரை படம்பிடித்தது. அதே நேரத்தில் நார்மன் நகரிலிருந்த டாப்ளர் ரேடாரும் அப்புயலைக் கவனித்துக்கொண்டிருந்தது. பின்னர் இரண்டையும் நிமிடவாரியாக ஒப்பிட்டபோது, மேகத்துக்குள் காற்று சுழலும் ஒரு தனி அடையாளம், புனல் தரையைத் தொடுமுன்பே ரேடார் பதிவில் தோன்றியிருப்பது தெரிந்தது. அந்தக் கண்டுபிடிப்பு, அமெரிக்கா முழுவதும் டாப்ளர் ரேடார் வலையமைப்பு நிறுவப்படுவதற்கு வலுவான காரணங்களுள் ஒன்றாயிற்று. களத்துப் படம் இல்லாதிருந்தால் ரேடார் காட்டிய அந்தப் புள்ளிக்குப் பொருள் கூறியிருக்க இயலாது. அன்று அருகில் சென்றவர்களிடம் தெளிவான ஒரு கேள்வி இருந்தது; விடைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அவர்கள் நெருங்கினர்.

இந்த மரபின் மிகத் தேர்ந்த வாரிசு டிம் சமாரஸ். பொறியியலைத் தாமே பயின்ற அவர், தரையோடு தரையாகப் படிந்து நிற்கும் ஆமை வடிவக் கருவிகளை உருவாக்கி, டொர்னாடோவின் பாதையில் வைத்துவிட்டு விலகும் முறையைக் கையாண்டார். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூரைச் சுழல் அழித்தபோது, அவர் சற்று முன் வைத்திருந்த கருவி காற்றழுத்தம் 100 ஹெக்டோபாஸ்கல் சரிந்ததைப் பதிவு செய்தது. அதற்கு முன் எவரும் அவ்வளவு பெரிய சரிவை அளந்ததில்லை. கேமராக்கள் பொருத்திய கருவிகளையும் அவர் சுழலின் பாதையில் வைத்தார். மின்னல் தரையைத் தொடும் கணத்தைப் பிடிக்க, நொடிக்குப் பத்து லட்சம் சட்டங்கள் எடுக்கவல்ல பழைய இராட்சதக் கேமரா ஒன்றைப் புதுப்பித்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார். கருவி அருகில் இருக்கட்டும், மனிதர் விலகி இருக்கட்டும் என்பதே அவர் முறையின் சாரம்.

அத்தகையவரும் தப்பவில்லை. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகில் இறங்கிய டொர்னாடோ, அதுவரை அளக்கப்பட்டவற்றிலேயே மிக அகன்றது. அதன் உச்ச அகலம் 4.2 கிலோமீட்டர். சமாரஸும், அவர் மகன் பால் சமாரஸும், சக ஆய்வாளர் கார்ல் யங்கும் தம் காருக்குள்ளேயே அதில் சிக்கி இறந்தனர். டொர்னாடோ ஆய்வுக்காகக் களத்தில் சென்றோர் டொர்னாடோவாலேயே கொல்லப்பட்டது அதுவே முதன்முறை என அறியப்படுகிறது. ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் வானிலைக் குழுவினர் சென்ற வாகனமும் அன்று தூக்கி வீசப்பட்டது.

நிகழ்ந்தது என்ன என்பதைப் படமெடுப்போர் நுணுக்கமாக அறிய வேண்டும். அந்தச் சுழல் முதலில் தென்கிழக்காக நகர்ந்து, பின் வடகிழக்காகத் திரும்பி, வேகம் கூட்டி, சில நிமிடங்களில் பன்மடங்கு அகன்றது. மழை அதைச் சூழ்ந்து மறைத்தது. அதன் பெருஞ்சுழலுக்குள் சிறுசுழல்கள் பல மிகுவேகத்தில் சுற்றின. அவற்றுள் ஒன்றே அந்தக் காரைத் தாக்கியது. இவ்வளவு அகன்ற சுழலை அருகிலிருந்து காண்பவருக்குப் புனல் என்ற வடிவமே தெரியாது. தெரிவது அடிவானம் முழுவதும் பரவிய கருநிற மழைத்திரை மட்டுமே. கேமராவின் சட்டம் அந்தத் திரையின் ஒரு துண்டைக் காட்டும். விளிம்பு எங்கே, அது எத்திசையில் விரிகிறது என்பதைக் காட்டாது. நெருங்க நெருங்கக் காட்சி தெளிவடையும் என்ற பொது நம்பிக்கை டொர்னாடோவின் விஷயத்தில் ஓர் எல்லைக்குப் பின் தலைகீழாகிறது. இடர் மிகும்போதே தகவல் குறைகிறது.

அன்று சாலைகள் அடைபட்டிருந்ததையும் மறத்தல் கூடாது. பதினொரு நாள்களுக்கு முன்பே, மே 20 அன்று, அருகிலுள்ள மூர் நகரில் வீசிய டொர்னாடோ 24 பேரைக் கொன்றிருந்தது. அந்த அச்சத்தில் பொதுமக்கள் பலர் வீட்டிலிருந்து காரில் கிளம்பியிருந்தனர். அவர்களோடு புயல் துரத்துவோரின் வாகனங்களும் சேர்ந்தன. புயல் துரத்துவோருக்குச் சாலையே பெரும் அபாயம் என்பதைப் பிற்கால நிகழ்வுகளும் உறுதி செய்தன. 2017 மார்ச் மாதம் டெக்சாஸில் புயலைத் தேடிச் சென்ற இரு வாகனங்கள் மோதி மூவர் மாண்டனர். 2022 ஏப்ரலில், கான்சாஸில் டொர்னாடோ பார்த்துவிட்டுத் திரும்பிய ஓக்லஹோமா பல்கலைக்கழக வானிலையியல் மாணவர் மூவர் சாலை விபத்தில் இறந்தனர். எந்தச் சுழலும் அவர்களைத் தொடவில்லை. ஈரச் சாலையும் களைப்பும் அவசரமும் புயலளவுக்கே கொடியவை.

எல் ரீனோவின் பின்கதையும் சொல்லப்பட வேண்டும். அன்று களத்திலிருந்த பலரிடமிருந்து ஆய்வாளர்கள் காணொளிகளைக் கேட்டுப் பெற்றனர். ஒவ்வொருவரின் கேமராக் கடிகாரமும் வெவ்வேறு நேரத்தைக் காட்டியது. அவற்றை ஒருங்கிணைக்க அவர்கள் கையாண்ட வழி எளியது: காணொளிகளில் தெரிந்த மின்னல் வெட்டுகளை, மின்னல் கண்டறியும் வலையமைப்பின் துல்லியமான நேரப் பதிவுகளோடு பொருத்தினர். மின்னலே பொதுக் கடிகாரம் ஆனது. இவ்வாறு நேரமும் இடமும் பொருத்தப்பட்ட காணொளிகளை, நடமாடும் ரேடாரின் தரவுகளோடு ஒப்பிட்டனர். டொர்னாடோச் சுழற்சி மேகத்திலிருந்து படிப்படியாக இறங்குகிறது என்ற நெடுநாள் கருத்துக்கு மாறாக, இந்த நிகழ்வில் அது தரையருகே முதலில் வலுப்பெற்றது என்ற முடிவுக்கு அந்த ஒப்பீடு இட்டுச்சென்றது. ரேடார் கற்றை எட்டாத தரைமட்டத்தில் நிகழ்ந்ததைக் காட்டியது காணொளி. ஃபார்கோவில் ஃபுஜிதா செய்ததன் தொடர்ச்சியே இது. பல இடங்களிலிருந்து எடுத்த படங்கள், சரியான இடமும் நேரமும், அவற்றைக் கோக்கும் பொறுமை ஆகிய மூன்றுமே இங்கும் அறிவைத் தந்தன. யார் எல்லோரிலும் அருகில் நின்றார் என்பது அந்த ஆய்வுக்கு ஒரு பொருட்டே அன்று.

இந்தப் பின்னணியோடு இந்தியாவை நோக்க வேண்டும். இங்கு வானிலைச் சீற்றங்களில் ஆண்டுதோறும் மிகுதியான உயிர்களைக் கொள்வது மின்னல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2021-இல் 2,880 பேர் மின்னலால் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் மரத்தடியிலும் இருந்த கிராமத்தவர். படமெடுக்கச் சென்றவர்கள் அல்லர். ஆனால் அதே ஆண்டு ஜூலை 11 அன்று ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டை அருகேயுள்ள குன்றின் காவற்கோபுரத்தில் மின்னல் தாக்கி 11 பேர் இறந்தனர். மழைக்காட்சியைக் காணவும் தற்படம் எடுக்கவும் அங்கு ஏறியிருந்தோர் பலர் என்று செய்திகள் கூறின. கைப்பேசி மின்னலை இழுக்காது. அது பரவலான ஒரு தவறான நம்பிக்கை. உயரமான, வெறித்த இடமே மனிதரை மின்னலின் வழியில் நிறுத்துகிறது. நல்ல காட்சி கிடைக்கும் இடமும் மின்னலுக்கு வசதியான இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. மழை தொடங்காத இடத்திலும், மேகத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் இறங்கக்கூடும். இடியோசை கேட்கும் தொலைவுக்குள் திறந்த வெளியில் முக்காலி நாட்டி நிற்பவர், எவ்வளவு தேர்ந்த கலைஞராயினும், அந்த வெளியின் உயர்ந்த பொருள்களுள் ஒன்றாகிவிடுகிறார்.

கடற்புயல் காலத்தில் தொலைக்காட்சிகள் தரும் முன்மாதிரியும் நல்லதன்று. வெளியே வராதீர் என்ற எச்சரிக்கையை, அலை மோதும் கரையில் சாய்ந்து நின்றபடி ஒரு செய்தியாளர் வாசிக்கிறார். சொல் ஒன்றைக் கூற, காட்சி மற்றொன்றைக் கூறுகிறது. காண்போர் நினைவில் தங்குவது காட்சி. அந்த நேரலை வானிலையியலுக்கு ஒரு புது அளவையும் தருவதில்லை. கரையோரக் காற்றின் வேகத்தைத் தானியங்கி நிலையங்கள் அளக்கின்றன. புயலின் மையத்தைச் செயற்கைக்கோளும் ரேடாரும் காட்டுகின்றன. கடற்புயலின்போது கரையில் நிற்கும் கேமராவுக்கு அறிவியல் நியாயம் மிகக் குறைவு. நீர் வடிந்தபின், சுவரில் அது எட்டிய உயரத்தைக் குறிக்கும் கறையைப் படமெடுப்பது அதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

டொர்னாடோவின் நிலை வேறு. ரேடார் கற்றை நேர்கோட்டை ஒட்டிச் செல்ல, பூமி வளைந்து கீழிறங்குகிறது. அரை பாகைக் கோணத்தில் அனுப்பப்படும் கற்றை, 100 கிலோமீட்டர் தொலைவில் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே, சில நூறு மீட்டர் அகலத்தில், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு சுழலை அது காணத் தவறுவது இயல்பே. ஆகவே தரையிலிருந்து மக்கள் எடுக்கும் படம் இங்கு அலங்காரம் அன்று; நிகழ்வு நடந்ததற்கான முதன்மைச் சான்று. 1978 மார்ச்சில் வட டெல்லியைத் தாக்கி 28 பேரைக் கொன்ற டொர்னாடோவும், 1998 மார்ச் 24 அன்று மேற்கு வங்கம், ஒடிசா எல்லைப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற டொர்னாடோவும், இத்தகைய நிகழ்வுகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல என்பதைக் காட்டுகின்றன. கங்கைச் சமவெளியின் கிழக்குப் பகுதியிலும் வங்காளத்திலும் மார்ச் முதல் மே வரை வீசும் காலவைசாகிப் புயல்கள், டொர்னாடோக்களைப் பிறப்பிக்கவல்லவை.

அந்தக் காலத்தில் கையில் கேமரா இல்லை என்று சமாதானம் கூறலாம். இன்று அப்படிக் கூற இயலாது. 2023 மார்ச் 24 அன்று பஞ்சாபின் ஃபாசில்கா மாவட்டத்தில் ஒரு கிராமத்தைத் தாக்கிய டொர்னாடோவைக் கிராமத்தார் கைப்பேசியில் பதிவு செய்தனர். 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குடி மாவட்டத்தில் மைனாகுரிப் பகுதியைச் சூறையாடிய புயலின்போதும் காணொளிகள் பரவின. அவை சில நாள் நாடெங்கும் பார்க்கப்பட்டன. பிறகு அலையோடு அலையாய் மறைந்தன. செய்தியனுப்பும் செயலிகள் வழியே கைமாறும்போது படத்தின் தரம் குறைகிறது. அதனுள் பதிவாகியிருந்த நேரமும் இடமும் அழிகின்றன. மூன்றாம் கைக்கு வரும்போது அது எந்த ஊரின் புயல் என்பதே தெரிவதில்லை. அடுத்த ஆண்டு வேறொரு புயல் வரும்போது அதே காணொளி வேறோர் ஊரின் பெயரோடு மீண்டும் உலவத் தொடங்குகிறது. அப்போது அது பதிவு என்ற நிலையிலிருந்து வதந்தி என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது.

இதன் விளைவு கல்வித்துறையோடு நின்றுவிடுவதில்லை. ஃபுஜிதாவின் அளவுகோலைத் திருத்தி 2007 முதல் அமெரிக்கா பயன்படுத்திவரும் முறை, சேதத்தைக் கொண்டு காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறது. அதற்கென அது வகுத்துள்ள 28 அடையாளங்களும் அமெரிக்கக் கட்டடங்களையும் மரங்களையும் அடிப்படையாகக் கொண்டவை. எல் ரீனோவில் ரேடார் அளந்த காற்று மிக உச்ச அளவை எட்டியிருந்தும், திறந்த வயல்களில் சிதைவதற்குக் கட்டடங்கள் அதிகம் இல்லாமையால், சேதத்தின்படி அது மூன்றாம் நிலையிலேயே வைக்கப்பட்டது. தகரக் கூரை, மண்சுவர், மூங்கில் தட்டி, செங்கல் அடுக்கிய அரைச்சுவர் ஆகியவை எந்த வேகத்தில் எவ்வாறு சிதையும் என்பதை அந்த அளவுகோல் கூறாது. இந்தியாவுக்கான அளவுகோலை உருவாக்க வேண்டுமானால், இந்திய வீடுகள் சிதைந்த விதம் முறையாகப் படமெடுக்கப்பட வேண்டும். அதற்குப் புயலின் அருகில் நிற்க வேண்டியதில்லை. புயல் கடந்தபின், இடிபாடுகள் அகற்றப்படுமுன், ஊருக்குச் சென்றால் போதும். பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டாத இந்தப் படங்களே நாளைய கட்டட விதிகளுக்கு அடிப்படையாகும்.

பயனுள்ள பதிவுக்குத் தேவையானவை கடினமானவையும் அல்ல. பாதுகாப்பான கட்டடத்துக்குள்ளிருந்தோ, அதன் வாயிலிலிருந்தோ எடுக்கப்பட்ட படம் போதுமானது. கேமராவை அசைக்காமல், அருகிழுப்பை மாற்றாமல், ஒரே கோணத்தில் அரை நிமிடமேனும் பிடித்தால் சுழலின் நகர்வை அளக்கலாம். மின்கம்பம், நீர்த்தொட்டி, கோபுரம், பள்ளிக் கட்டடம் என நிலையான ஏதேனும் ஒன்று சட்டத்துக்குள் இருந்தால் அளவும் திசையும் கிடைக்கும். ஆலங்கட்டியை நாணயத்தின் அருகிலோ அளவுகோலின் அருகிலோ வைத்து எடுக்க வேண்டும். நின்ற இடம், நோக்கிய திசை, நேரம் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். இசையும் எழுத்தும் சேர்க்காத மூலக் கோப்பை அழிக்காமல் காக்க வேண்டும். இவற்றில் எதற்கும் வீரம் தேவையில்லை.

படங்களைப் பெற்றுக் காக்கும் இடமே அடுத்த தேவை. அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வ நோக்குநர்கள் பயிற்சி பெற்றுத் தேசிய வானிலைச் சேவைக்குத் தகவல் தருகின்றனர். ஐரோப்பாவில் 2006 முதல் இயங்கும் கடும்புயல் ஆய்வகம், பொதுமக்களின் அறிக்கைகளைப் பெற்று, சரிபார்ப்பின் அளவுக்கேற்பத் தரம் பிரித்து, திறந்த தரவுத்தளமாகப் பேணுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் பொதுமக்கள் தம் கண்முன் நிகழ்ந்ததைத் தெரிவிக்கத் தன் இணையதளத்தில் வழி செய்துள்ளது. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,000 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த ‘மிஷன் மௌசம்’ திட்டம் ரேடார்களின் எண்ணிக்கையைப் பெருக்க முனைகிறது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் ரேடார் காட்டியது உண்மையில் தரையில் நிகழ்ந்ததா என்று சரிபார்க்கக் களச்சான்று வேண்டும். யூனியன் சிட்டி கற்பித்த பாடம் அதுவே.

இந்தப் பணியைப் பல்கலைக்கழகங்கள் அரசுக்காகக் காத்திராமல் தொடங்கலாம். புவியியல் துறையும் இயற்பியல் துறையும் இதழியல் துறையும் இணைந்து ஒரு மாவட்டத்தின் புயற்பதிவுகளைத் தொகுப்பது ஒரு முதுகலை மாணவர் குழுவால் இயலக்கூடியதே. தொகுப்போர் அம்மாவட்ட மக்களின் மொழியில் கேட்க வேண்டும். காற்றுக்கும் மேகத்துக்கும் இடிக்கும் உழவரும் மீனவரும் வைத்திருக்கும் சொற்கள், ஒரே ‘சூறாவளி’ விழுங்கிவிட்ட வேறுபாடுகளைத் திரும்பக் கொணரக்கூடும். படமெடுத்தவரின் ஒப்புதலும் பெயரும் பேணப்பட வேண்டும். தம் வீட்டை இழந்து நின்ற நிலையில் ஒருவர் எடுத்த காணொளி பிறர் கைக்குச் சென்று வருமானமாக மாறுவதும், எடுத்தவர் பெயரின்றிப் போவதும் இன்று வழக்கமாகிவிட்டன. ஆய்வுத் தொகுப்பு அந்த வழக்கத்தைப் பின்பற்றலாகாது. இறந்தோரையும் காயமுற்றோரையும் காட்டும் படங்களை வெளியிடாமல் காப்பதும் அதன் கடமை.

எதிர்வாதம் ஒன்றுக்கு விடை கூற வேண்டும். அருகிலிருந்து எடுத்த சிலிர்ப்பூட்டும் படங்களே இளைஞரை வானிலையியலுக்கு ஈர்க்கின்றன. அவை இல்லையேல் இந்தத் துறைக்கு மாணவரே வரமாட்டார் என்பர். இதில் உண்மை உண்டு. ஆனால் ஈர்ப்பு நுழைவாயில் மட்டுமே. வாயிலைக் கடந்து வந்த மாணவருக்குத் துறை என்ன கற்பிக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் நன்மை அமையும். ஃபார்கோப் படங்களை வரிசைப்படுத்திய உழைப்பும், டாலஸ் சுருளில் பலகைத் துண்டுகளைப் பின்தொடர்ந்த பொறுமையும், எல் ரீனோவில் மின்னலைக் கடிகாரமாக்கிய கூர்மையும் வகுப்பறையில் சொல்லப்பட வேண்டும். அவையும் சிலிர்ப்பூட்டும் கதைகளே. அவற்றைச் சொல்லாமல் நேரலைக் காணொளியை மட்டும் காட்டும் ஆசிரியர், மாணவரைத் துறைக்கு அனுப்பவில்லை, சாலைக்கு அனுப்புகிறார்.

1888-இல் மொராதாபாதில் கேமரா ஏதும் அந்த ஆலங்கட்டியைக் காத்திராவிட்டாலும், இறந்தோரை எண்ணி எழுதி வைத்தவர்கள் இருந்தனர். அந்த ஒற்றை எண்ணே ஒரு நூற்றாண்டு கடந்து உலகத் தொகுப்பில் இடம்பெற்றது. இன்று எழுதுவதும் படமெடுப்பதும் அன்றைவிட எளிது, காப்பதுதான் அரிதாகியிருக்கிறது. அடுத்த காலவைசாகிப் பருவம் மார்ச்சில் தொடங்கும். அதற்குள் ஒரே ஒரு மாவட்டத்துக்கேனும், மூலக் காணொளிகளைப் பெற்றுக்கொள்ள ஒரு முகவரியும், நிரப்ப ஒரு பக்கப் படிவமும், அவற்றைச் சரிபார்க்க இரண்டு மாணவரும் அமைந்தால், அது தொடக்கத்துக்குப் போதும்.